ஊரே உங்கள் வசனத்தைப் பேசிய சாயங்காலம்

அண்ணே,

இன்று மத்தியானம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அரங்கத்து மேடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் ஒப்பனைப் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். காய்ந்து கிடந்த பாறையில் முதல் துளிகள் விழுந்ததும் அந்த வாசனை எழுந்தது. "பாறை மூச்சு விடுது பாரு தங்கச்சி" என்பீர்களே, அதேதான். சன்னலைச் சாத்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

நம் ஊர்த் திறந்தவெளி அரங்கத்துக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. மேற்கே பார்த்துச் சரியும் ஒரு பெரிய பாறை, அதன் அடியில் மேடை. சமஸ்தானக் காலத்தில் இங்கே மல்யுத்தம் நடந்தது, ஜனங்கள் பாறையில் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிறகு கட்சிக் கூட்டங்கள் வந்தன. நகராட்சி சிமெண்டு மேடை கட்டியது. பாறையின் கீழ்ப்பகுதியில் உளி வைத்து வரிசையாகப் படி வெட்டியது. பள்ளிக்கூட ஆண்டுவிழா, மீலாது விழா, பட்டிமன்றம், கீழே இறங்காமல் நாள்கணக்கில் சைக்கிள் ஓட்டுகிறவர் என்று எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். வருஷத்துக்கு ஒரு முறை, திருவிழாவின் கடைசி நாளில், நம் நாடகம்.

நீங்கள் ராஜபார்ட், நான் ஸ்திரீபார்ட். மேடையில் காதலர்கள், இறங்கிவிட்டால் அண்ணன், தங்கச்சி. மாறுவேடத்தில் வரும் ராஜா தண்ணீர்ப்பந்தல் காக்கும் பெண்ணிடம் தண்ணீர் கேட்பார். கேள்விக்குப் பதில் சொன்னால்தான் தண்ணீர் என்பாள் அவள். அந்தத் தர்க்கத்துக்காகவே கூட்டம் வரும். வாயில் வருவதைப் பேசுவதுதான் வழக்கம் என்றாலும், உங்கள் பதில்கள் சிலவற்றை மாற்ற ஜனங்கள் விட்டதில்லை. ஒருமுறை மாற்றிச் சொன்னதற்குப் பாறையிலிருந்து சண்டைக்கே வந்தார்கள்.

அப்புறம் உங்களுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்தீர்கள்; குரல் போய்விட்டது. திருமயத்தில் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை, ஆள் வந்தால் உள்ளே போய்விடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டு, திருவிழாவுக்கு முன்னால் நான் வந்தேன். "சும்மா வேஷங்கட்டி வந்து நில்லுங்கண்ணே. ரெண்டு பேருக்கும் நானே பேசிக்கிறேன்" என்றேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். வாசல் வரை வந்த மதினிதான் சொன்னார்கள்: "சனம் பாவம் பாக்குமேன்னு பயப்படுறாரு தாயி. கைதட்டு வாங்குன எடமாச்சே."

ஆனாலும் வந்தீர்கள். திருவிழாவன்று சாயங்காலம் மதினியோடு ஆட்டோவில் வந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நீங்களே அரிதாரம் பூசிக்கொண்டீர்கள். மீசை கோணலாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடியும் வரைந்தீர்கள்.

ராத்திரி சீக்கிரமே முடித்துவிட வேண்டும் என்று போலீஸ் சொல்லியிருந்ததால் வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கிவிட்டோம். மேற்கு வெயில் பாறை மேல் நேராக விழுந்தது. உச்சி வரைக்கும் முகங்கள். நீங்கள் மேடைக்குள் நடந்து வந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. விஷயம் எல்லாருக்கும் தெரியும். இவரைக் கொண்டுவந்து நிறுத்தி அவமானப்படுத்திவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே முதல் கேள்வியைக் கேட்டேன்.

"கையில வாளக் காணோம், கூட ஒரு ஆளக் காணோம். ஒத்தையில வந்த மனுசா, எதை நம்பி வந்தே?"

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது. உங்களுக்காகப் பேச நான் மூச்சை இழுத்தேன். அதற்குள் பாறையின் நடுவிலிருந்து ஒரு பொம்பளைக் குரல்:

"வாள வீட்டுல வச்சேன், வாய நம்பி வந்தேன்!"

உங்கள் வசனம். உங்கள் இழுப்போடு.

இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். ஐம்பது, நூறு பேர் பதில் சொன்னார்கள். மூன்றாவது கேள்விக்குப் பாறை மொத்தமும் பேசியது. எல்லாரும் ஒன்றாகப் பேசவில்லை. ஒருவர் முந்தினார், ஒருவர் பிந்தினார். மைக் இல்லாத அந்தக் குரல் சரிவில் உருண்டு வந்து மேடையில் மோதியபோது என் காலுக்கடியில் சிமெண்டே அதிர்ந்தது. இத்தனை வருஷம் இவர்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

நீங்கள் சுதாரித்துக்கொண்டீர்கள். கையை உயர்த்தினால் பேசினார்கள், தாழ்த்தினால் நிறுத்தினார்கள். நடுவே வேண்டுமென்றே பாதி வாக்கியத்தில் கையைத் தாழ்த்தி, அவர்களை வாய் பிளக்க வைத்து, தோளைக் குலுக்கிச் சிரித்தீர்கள். பாறையும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் நான் என் கேள்வியை மறந்துபோய் நின்றேன். நீங்கள் கிட்டே வந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, உதட்டசைவால் எனக்கு எடுத்துக் கொடுத்தீர்கள். சத்தமே இல்லாத அந்தச் சொற்கள் எனக்குத் தெளிவாகக் கேட்டன.

கடைசியில் நான் செம்பை நீட்டினேன். நீங்கள் அண்ணாந்து, மெதுவாக, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடித்தீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தண்ணீர் இறங்குவதே உங்களுக்குப் பெரும்பாடு என்று எனக்கு அப்போது தெரியாது. குடித்து முடிக்கும்வரை பாறையில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அப்புறம்தான் கைதட்டினார்கள்.

அறைக்குள் வந்ததும் மதினி உங்கள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்கள். "இவரு கொரல வீட்டுக்குள்ள தேடிக்கிட்டுக் கெடந்தேனே தாயி" என்றார்கள் என்னிடம். "இங்கிட்டுல்ல இருந்திருக்கு."

அடுத்த திருவிழாவுக்கு நீங்கள் இல்லை.

இப்போது என் எதிரே நிற்பவர் விராலிமலைப் பக்கத்துத் தம்பி. நல்ல குரல், நல்ல ஆள். தர்க்கத்தில் ஒவ்வொரு கேள்வியைக் கேட்ட பிறகும் நான் ஒரு கணம் பாறைப் பக்கம் பார்த்து நின்றுவிடுகிறேன். போன வருஷம் அவர் பயந்துபோய், மைக்கை விலக்கிக்கொண்டு கேட்டார்: "என்னக்கா, மறந்துட்டீங்களா?"

"இல்ல தம்பி" என்றேன். "கேட்டுக்கிட்டிருக்கேன்."