மீன் இல்லாத ஊருக்கு ஐஸ் அறை

திங்கள்
அனலாய் வீசும் கச்சான் காற்று. ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் ஃபேன் பழுது. இறக்கக்கண்டி கணக்கெடுப்பைக் கணினியில் ஏற்றி முடித்தாயிற்று. வலையில் மீன்பாடு எப்படி என்ற கேள்விக்கு அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரே பதில்: குறைவு. ஆய்வுக்குப் பொறுப்பான சேருக்கு அதுவே போதும். "மீன் இல்லாத ஊருக்கு ஐஸ் அறை எதுக்கு? குச்சவெளிக்குக் குடுக்கச் சொல்லி எழுதுவம்." மீன் கெடாமல் வைக்க இருப்பது ஒரே ஒரு ஐஸ் அறை; இந்த இரண்டு மீனவ ஊர்களில் ஒன்றுக்குத்தான். வெள்ளி அறிக்கை போக வேண்டும்.
வாங்க: பனடோல், அம்மாவுக்குச் செருப்பு.

செவ்வாய்
வெயில். கணக்கெடுப்போடு எடுத்த பெண்களின் பேச்சுப் பதிவுகளைக் கேட்டு எழுதுகிறேன். இறக்கக்கண்டி ரஃபீக்கா ராத்தா, கருவாடு போடுபவர். முதலில், "மீன் எங்க தங்கச்சி?" கொஞ்சம் கழித்து அவரே, "ஐஸ் காணாம அரைவாசி பழுதாப் போகுது." மீன் இல்லையென்றால் பழுதாவது எது? மற்றப் பெண்களும் இப்படியேதான்.
சேரிடம் சொன்னேன். "கதை கதைதான் பிள்ளை. அறிக்கைக்கு எண்ணிக்கை வேணும்." சரியான கோபம். கதவை அடித்துச் சாத்தினேன். பிறகு வெட்கம்.

புதன்
பஸ்ஸில் நின்றபடியே இறக்கக்கண்டி. ராத்தா வீட்டில் தேத்தண்ணி. நேரே கேட்டேன். சிரித்தார். "மீன் நல்லாப் படுது எண்டு ஆரும் வாயால சொல்லுவாங்களா? கண்ணூறு பட்டா நாளைக்கு வலையில ஒண்டும் இரிக்காது."
"அப்ப ஐஸ் அறை குச்சவெளிக்குப் போயிடும் ராத்தா."
சிரிப்பு நின்றது. "மீன் கூடுதல் எண்டு எழுதிப்போடாதீங்க. ஆனா ஐஸ் எங்களுக்கு வேணும்."
நல்ல நியாயம்! திரும்பி வரும்போதுதான் மண்டையில் ஏறியது. மீனைக் கேட்டால் மறைக்கிறார்கள். ஐஸைக் கேட்டால் மறைப்பதில்லை. அதை எண்ணினால் என்ன?

வியாழன்
இறக்கக்கண்டியில் வீடு வீடாக இரண்டே கேள்வி: நேற்று எவ்வளவு ஐஸ் தேவை, எவ்வளவு கிடைத்தது? படபடவென்று சொன்னார்கள். தேவையில் பாதிகூடக் கிடைப்பதில்லை. அதே கேள்விகளோடு குச்சவெளிக்குக் குமுதா போனாள், என்னோடு வேலை செய்பவள். அங்கே எல்லோரும் "காணும், ஐஸ் போதும்" என்றார்களாம்.

வெள்ளி
மழைக் குணம். மீன்பாட்டுக் கேள்வியையே அறிக்கையிலிருந்து எடுக்கச் சொன்னேன். "அவ்வளவு வேலையும் வீணோ?" என்றார் சேர். ராத்தாவின் பேச்சையும் புது அட்டவணையையும் அருகருகே வைத்தேன். இரண்டையும் வரி வரியாக வாசித்தார். பிறகு குச்சவெளியை வெட்டி இறக்கக்கண்டி என்று எழுதினார். சந்தோஷம் தாங்கவில்லை.
பின்னேரம் குமுதாவோடு ரோல்ஸும் பிளேன்டீயும். நேற்றைய அலைச்சலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அங்க ஐஸ் விக்கிற முதலாளி நல்ல மனுசன். வெயிலெண்டு தன்ர வான் வண்டியில ஏத்தி, வீடு வீடாக் கூட்டிக்கொண்டு போனவர். கேள்வி கேக்கேக்கையும் பக்கத்திலதான் நிண்டவர்."
கடித்த ரோல்ஸைத் தட்டில் வைத்தேன். நாளைக்கும் ஐஸ் தர வேண்டியவர் முன்னால் ஐஸ் காணாது என்று யார் சொல்வார்கள்? குச்சவெளியில் ஒருவரோடும் நாங்கள் உட்கார்ந்து கதைக்கவில்லை.
சேருக்குப் போன் எடுத்தேன். அறிக்கை போய்விட்டதா?
"ஓம் பிள்ளை, இப்பதான் அனுப்பினனான். ஏன்?"