மாங்குளத்திலிருந்து வந்த ரூபன்

சனிக்கிழமை, இரவு.

எங்கள் கொக்கிளாய் கால்பந்து அணிக்கு மாங்குளத்திலிருந்து ரூபனை இன்று கூட்டி வந்தார்கள். நல்ல ஆட்டக்காரர் யாரும் இவ்வளவு தூரம் வருவதில்லை. அதனால் கழகத் தலைவர் அவனுக்கு எதையும் கொடுக்கத் தயாராக இருந்தார். முதலில் கொடுத்தது என் இடத்தை. இவ்வளவு காலம் முன்வரிசையில் ஆடிய என்னைப் பின்னால் நின்று மறிக்கச் சொன்னார்.

பயிற்சியில் ரூபன் அடித்த கோல் அழகாகத்தான் இருந்தது. அதுதான் எரிகிறது. கடலுக்குப் போகாத நாளில்கூட என் ஆட்டத்தைப் பார்க்க வராத அப்பா, கோட்டோரம் நின்று கைதட்டினார்.

முடிந்ததும் ரூபன் என்னிடம், "அண்ணை, இஞ்ச தங்க இடமில்லையெண்டால் நான் திரும்பிப் போறன்" என்றான்.

போ என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அதற்குள் அப்பா முந்திவிட்டார். "ஏன் தம்பி, எங்கட வீட்டில நில்லும். இவன்ர அறை பெரிசுதானே."

இரவு பெரிய நண்டை அம்மா அவனுக்குத்தான் வைத்தார். என் கட்டிலில் படுக்கும்போது கேட்டான்: "அண்ணை, நாளைக்கு விடிய நான் கோல் அடிச்சுப் பழகப் பந்து போட்டுத் தருவீங்களோ?"

ஓம் என்றேன். எங்கள் அணியில் என்னைப்போல் பந்து கொடுக்க வேறு ஆளில்லை. அதையாவது அவன் தெரிந்துகொள்ளட்டும்.