லாரியைப் பார்த்துவிட்டு வந்தேன்

பாளையம், திருவனந்தபுரம்
11-8-1946, ஞாயிற்றுக்கிழமை

எஸ்தர் அப்பாவுக்கு, சரசம்மா எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய தயவால் நானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். கொழும்பில் நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் தொடங்கியிருக்கிறேன். மற்றபடி இருக்கிற கோபத்தில் சுகம் விசாரிக்க எனக்கு மனசில்லை. இன்று கோயிலுக்குக்கூடப் போகவில்லை. எஸ்தரை மட்டும் அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் உங்கள் கடிதம் வந்தது. நீங்கள் ஓட்டிய அந்தப் பழைய லாரியை எஸ்டேட்காரர்கள் விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேன், நல்ல ஃபிட்டர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கலாமா என்று பார், வாங்கலாம் என்றால் உன் சங்கிலியை விற்றாவது பேசி முடித்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். அந்த லாரி கைக்கு வந்தால் மறு கப்பலில் ஊருக்கு வருவேன், இல்லாவிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்றும் எழுதியிருந்தீர்கள்.

அந்தக் கடைசி வரியை எத்தனை முறை வாசித்தேன் தெரியுமா? இரண்டு வருஷமாக நான் கூப்பிட்டேன், வரவில்லை. எஸ்தர் விஷக் காய்ச்சலில் இருபத்தொரு நாள் கிடந்தாள், வரவில்லை. இப்போது ஒரு துருப்பிடித்த லாரிக்காக வருவீர்கள். நல்லது.

அதுவும் எந்த லாரி? பொன்முடி இறக்கத்தில் கவிழ்ந்து கோலப்பனைக் கொன்ற லாரி. நாலு வருஷம் உங்களோடு தேயிலைப் பெட்டி ஏற்றி இறக்கி, உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சோற்றுப் பொதியைப் பிரித்த மனுஷன். அவன் செத்த வண்டியில் நாளைக்கு மீன் சுமையும் வாழைக்குலையும் ஏற்றி ஓட்டலாம் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது?

இருந்தாலும் போனேன். நீங்கள் சொல்லி நான் செய்யவில்லை என்ற பேச்சு பின்னால் வரக்கூடாது. ஆஸ்பத்திரியில் தையல் வேலைக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். நம் சபையைச் சேர்ந்த ஞானசிகாமணி அண்ணன், பஸ் கம்பெனியில் ஃபிட்டராக இருக்கிறாரே, அவர் கூட வந்தார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நெடுமங்காடு தாண்டியதும் பிடித்த மழை விதுராவில் இறங்கும் வரை விடவில்லை.

சந்தைக்கு அப்பால் எஸ்டேட்டின் பழைய கொட்டகை ஒன்று இருக்கிறதல்லவா, அதில்தான் லாரி நிற்கிறது. எஸ்டேட் கிளார்க் ஒருவர் வந்து கதவைத் திறந்துவிட்டார். உள்ளே எலி நாற்றம். முன் சக்கரம் ஒன்று இல்லை, அந்தப் பக்கம் மரக்கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மட்கார்டைத் தொட்டால் துரு செதில் செதிலாகக் கையோடு வருகிறது. சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. யுத்த காலத்தில் பெட்ரோல் இல்லாமல் மாட்டினார்களே கரி அடுப்பு, அதன் அடி ஓட்டையாகிப் போயிருக்கிறது. நீங்கள் உட்காருகிற பக்கத்துக் கதவு மட்டும் நசுங்காமல் இருக்கிறது. கோலப்பன் உட்கார்ந்த பக்கத்தை நான் பார்க்கவில்லை.

அண்ணன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடியில் நுழைந்தார். சுத்தியலால் ஒவ்வொரு இடமாகத் தட்டிக் கேட்டார். கைப்பிடியைப் போட்டு எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார், முதலில் அசையவில்லை, எண்ணெய் விட்டுக் காத்திருந்து மறுபடியும் சுற்றியதும் திரும்பியது. எஞ்சின் தங்கம் என்றார். அடிச்சட்டம் வளைந்திருக்கிறது, நெருப்பில் வைத்து நிமிர்த்தலாம், பலகையெல்லாம் புதிதாகப் போட வேண்டும், டயர் கிடைப்பதுதான் பாடு, ஆனாலும் அவர்கள் கேட்கிற விலைக்கு எஞ்சின் மட்டுமே போதும், தாராளமாக வாங்கலாம் என்றார். எனக்கே ஆசை வந்துவிட்டது. நீங்கள் கப்பலிலிருந்து இறங்குவதுபோல ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். பொய் சொல்லவில்லை. சங்கிலி அப்போது என் மடியில்தான் இருந்தது.

பிறகு அவர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தார். சரசம்மா, இங்கே குனிந்து பார் என்றார். பார்த்தேன். பிரேக் கம்பி ஒடிந்து, ஒடிந்த இடத்தை இரும்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது, கொல்லைப் படலைக் கட்டுகிற மாதிரி. விபத்துக்குப் பிறகு இழுத்து வருவதற்காகக் கட்டியிருப்பார்களோ என்று கேட்டேன். இல்லை, கட்டின கம்பியின் மேலேயே பச்சைப் பெயிண்ட் இருக்கிறது என்று காட்டினார்.

அந்தப் பச்சை எனக்குத் தெரியாதா? சீமையிலிருந்து முதலாளிகள் வருகிறார்கள் என்று கிறிஸ்துமசுக்கு முன் அவசர அவசரமாக லாரிக்கு அடித்த பெயிண்ட். மிச்சம் வந்ததை நீங்கள் கொண்டுவந்து நம் ஜன்னலுக்கு அடித்தீர்கள். விபத்து நடந்தது அடுத்த ஆனியில். அப்படியானால் ஆறு மாதம் அந்தக் கட்டுக்கம்பியை நம்பித்தான் மலை இறங்கியிருக்கிறீர்கள். தினமும் வண்டிக்கடியில் படுத்து எழுகிறவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

என்னிடம் என்ன சொன்னீர்கள்? ராத்திரியெல்லாம் சரக்கு ஏற்றிய அசதி, கண் அசந்துவிட்டது என்றீர்கள். நான் நம்பினேன். கொழும்புக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் சண்டையில், தூங்கி விழுந்து ஒருத்தனைக் கொன்ற மனுஷன் என்று என் வாயாலேயே சொன்னேன். நீங்கள் பாட்டுக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சொல்லை நினைத்து நினைத்து இரண்டு வருஷமாக நான் வெந்துகொண்டிருக்கிறேன். ஏன் என்னைச் சொல்லவிட்டீர்கள்? அடி, வாயை மூடு, நடந்தது இது என்று ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு நாக்கு இல்லையா?

திங்கட்கிழமை காலை

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. எஸ்தர் கோயிலிலிருந்து வந்து, அம்மா எந்தினா கரயுந்நது, ஏன் அழுகிறாய் என்று மலையாளத்தில் கேட்டாள். இப்போது அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பேச்சுதான் வீட்டிலும். ஐந்தாம் கிளாசில் கணக்குக்கு முதல் மார்க் வாங்கியிருக்கிறாள். ரேஷன் கடையில் இந்த வாரமும் அரிசி குறைவு, மரச்சீனிக் கிழங்குதான் சாப்பாடு. அதில் எங்களுக்கு ஒன்றும் வருத்தமில்லை.

இனி எழுதுவதுதான் முக்கியம். கொட்டகை வாசலில் நிற்கும்போதே முத்தாரம்மாள் வந்துவிட்டாள். கோலப்பன் பெண்சாதி. டிரைவர் வீட்டுக்காரி வந்திருக்கிறாள் என்று சந்தையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சேம்பிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு மழையில் நடந்து வந்தாள். என்னைத் திட்டுவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று பயந்து அண்ணனுக்குப் பின்னால் நகர்ந்து நின்றேன். அவள் திட்டவில்லை. இதை வாங்கவா வந்தீங்க என்று மட்டும் கேட்டாள்.

அவளாகவே சொன்னாள். பிரேக் சரியில்லை என்று டிரைவர் மூன்று தடவை ஆபீசில் போய் நின்றாராம். பயமாக இருந்தால் சாவியை வைத்துவிட்டுப் போ, வேறு ஆள் இருக்கிறான் என்றார்களாம். கோலப்பன் இதையெல்லாம் வீட்டில் சொல்லுவானாம், நம்ம டிரைவர் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது என்றும் சொல்லுவானாம். அவன் போன பிறகு ஆபீசில் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளை வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். விபத்து என் கவனக்குறைவால் நேர்ந்தது, வண்டியில் பழுது எதுவும் இல்லை என்று டிரைவர் திரவியம் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள். இனி கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று சொல்லி, நாற்பது நாளைக்குள் இரண்டு பிள்ளைகளோடு அவளை எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது விதுரா சந்தையில் ஒரு சாயாக்கடைக்குத் தண்ணீர் சுமக்கிறாள்.

வண்டி கவிழ்ந்ததுக்கு எனக்கு அவர் மேல கோபமில்லை, எழுதிக் கொடுத்ததுக்குத்தான் என்றாள். அடக்கத்துக்கு வந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே போனார், ஒரு தடவை வந்து நின்றிருந்தால் நானே ரெண்டு கேட்டுவிட்டு ஆறியிருப்பேன் என்றாள். கிளார்க் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

போலீஸ், ஜெயில் என்று மிரட்டியிருப்பார்கள். கை ஒடிந்து கட்டோடு கிடந்தீர்கள், நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அது எனக்குப் புரிகிறது. நானாக இருந்தாலும் பயந்திருப்பேன். ஆனால் எலும்பு கூடிய பிறகு? கப்பல் ஏறி, யாரும் தொட முடியாத ஊருக்குப் போன பிறகு? அந்தக் கையெழுத்தால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்தது என்பது தெரியாது என்று சொல்லாதீர்கள். தெரிந்ததால்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். எந்த முகத்தோடு வருவது என்று நீங்கள் எழுதினது எனக்காக இல்லை என்று எனக்கு அங்கே நிற்கும்போதுதான் விளங்கிற்று. அந்த லாரியை நிமிர்த்தி ஓட்டிவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்தீர்களோ? அது இரும்பு. நிமிர்ந்தாலும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தெரியாது அதற்கு.

அதனால் வாங்கவில்லை. நெடுமங்காட்டுக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார், சீக்கிரம் சொல்லுங்கள் என்று கிளார்க் அவசரப்படுத்தினார். தாராளமாகக் கொடுங்கள் என்றேன். எஞ்சினை நினைத்து அண்ணனுக்கு வருத்தம்தான். ஆனால் நான் கேட்காமலே, பிரேக் கம்பியில் தான் கண்டதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்துத் தந்தார். வண்டியை உடைத்துப் போட்டாலும் இது இருக்கட்டும் என்றார்.

சனிக்கிழமை ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் விசாரித்தேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது, கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, டிரைவரே நேரில் வந்து உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்காக ஒரு மனு கொடுத்துப் பார்க்கலாம் என்றார். உங்களுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். ஆகலாம் என்றார். மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் ஆகட்டும். ஆஸ்பத்திரி வேலை எனக்கு நிலைத்திருக்கிறது, பிள்ளையை நான் பார்த்துக்கொள்வேன்.

நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு நேரில்தான் மன்னிப்புக் கேட்பேன். காகிதத்தில் கேட்கமாட்டேன், அவ்வளவு லேசாக நீங்கள் தப்பிக்கக்கூடாது.

செங்கோட்டை வழியாக வாருங்கள். அங்கிருந்து வரும் பஸ்ஸில் பாலோட்டில் இறங்கினால் விதுராவுக்கு வழி இருக்கிறது. சந்தைக்குப் பின்னால் ஓடுகிற ஓடையின் கரையில் மூன்றாவது குடிசை முத்தாரம்மாளுடையது. முதலில் அங்கே போங்கள். அவள் கேட்பதையெல்லாம் நின்று கேளுங்கள், எத்தனை நேரமானாலும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். அங்கே போகாமல் நேராக இங்கே வந்தால் எஸ்தர் கதவைத் திறப்பாள். நான் திறக்கமாட்டேன்.

கடல் இப்போது கொந்தளிப்பாக இருக்கும் என்கிறார்கள். மேல்தட்டில் நின்று நனையாதீர்கள், ஒடிந்த கை குளிருக்கு வலிக்கும். தேவன் உங்களுக்குத் துணையாக வரட்டும்.

இப்படிக்கு,
கோபம் தீராமல் காத்திருக்கும் உங்கள் மனைவி,
சரசம்மா