இரண்டாம் தடவை கேட்காத விளையாட்டுகள்

தகாவோகா,
செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மாயுகோவுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் இங்கே சுகம், வெயில் தணிந்து நான்கு நாளாகிறது, பேரிக்காய் கடைக்கு வந்துவிட்டது, அப்பாவின் முழங்கால் மழைக்கு முந்தின நாள் மட்டும் வலிக்கிறது. அங்கே பெர்கனில் நீயும் மாப்பிள்ளை ஐரிக்கும் வயிற்றில் இருக்கிற குழந்தையும் அதேபோல நன்றாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் தினமும் காலையில் புத்தர் மாடத்தில் சோறு வைத்துத் திருநாமம் சொல்கிறேன். நான் அனுப்பிய வயிற்றுத் துணியைக் கட்டிக்கொள்கிறாயா, பஞ்சாங்கத்தில் நாய்க்குரிய நாளில் கட்டத் தொடங்க வேண்டும் என்று தேதியும் குறித்து அனுப்பியிருந்தேன். நம் கோயிலில் நாள் பார்ப்பதெல்லாம் கூடாது என்பார்கள், எனக்கும் தெரியும், ஆனாலும் நாய் எவ்வளவு சுலபமாகக் குட்டி போடுகிறது என்று நினைக்கும்போது மனசு கேட்கவில்லை. கால் வீங்கினால் உப்பைக் குறைத்துக்கொள், மாடிப்படியில் சாக்ஸ் போட்டுக்கொண்டு இறங்காதே.

இதைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தொலைபேசியில் என் வாய் எனக்கு முன்னால் பேசிவிடுகிறது. ஜூன் மாதம் மாப்பிள்ளை திரையில் வந்து, பாவம், கையில் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு நம் மொழியிலேயே, "அம்மா, பிரசவத்துக்கு நீங்க வரணும், மாடி ரூம் உங்களுக்குத்தான்" என்று கேட்டாரே, அதற்கு நான், "ஐயோ வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம், நான் வந்தா தொந்தரவுதான்" என்றேன். அவர் "சரி அம்மா, புரிஞ்சுது" என்று தலை குனிந்து வணங்கினார். பக்கத்தில் நீயும் தலையாட்டினாய். அதோடு மூன்று மாதமாக அந்தப் பேச்சே இல்லை. போன வாரம் நீ பேசும்போது, சம்பந்தியம்மா சோல்வி நவம்பரில் வடக்கேயிருந்து வந்து இருப்பதாகச் சொல்கிறார், மாடி அறையை அவருக்குக் கொடுக்கலாமா என்று மாதக் கடைசிக்குள் சொல்லியாக வேண்டும் என்றாய். "ரொம்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு நான் போனை வைத்தேன். வைத்துவிட்டு அரிசியைக் கழுவினேன், கழுவின அரிசியையே இன்னொரு தடவை கழுவினேன்.

இதற்கும் நீ விட்டுப் போன வீடியோ விளையாட்டுகளுக்கும் சம்பந்தம் உண்டு, பொறுமையாகப் படி. உன் அறை அலமாரியில் இருந்தவை மொத்தம் நாற்பத்தொன்று, அதில் பத்தொன்பது கண்ணாடித்தாள்கூடப் பிரிக்காதவை. "யாருக்காவது குடுத்துடுங்கம்மா, இல்ல தூக்கிப் போடுங்க, இனிமே எனக்கு ஏது நேரம்" என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய், எனக்குக் கை வரவில்லை. யாரோ உட்கார்ந்து கதை எழுதியிருக்கிறார்கள், யாரோ படம் வரைந்திருக்கிறார்கள், ஒரு கண்கூடப் பார்க்காமல் அது குப்பைக்குப் போவதா. ஒவ்வொன்றையும் முடித்த பிறகுதான் வீட்டை விட்டு அனுப்புவது என்று புத்தர் மாடத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன், சொன்ன பிறகு மாற்ற முடியாது. துணி உலர்த்தி முடித்து பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரைக்கும் என்று நேரம் ஒதுக்கினேன். ஒயரை நானே மாட்டினேன், கையேட்டை எழுத்துவிடாமல் படித்தேன். துப்பாக்கி சுட வேண்டியிருக்குமோ என்று முதலில் பயம், பார்த்தால் பாதிக்கு மேல் கதைப் புத்தகம்தான், படம் நிற்கிறது, கீழே எழுத்து ஓடுகிறது, நடுநடுவே ஒருவர் ஏதோ கேட்க, நீ என்ன சொல்வாய் என்று இரண்டு மூன்று பதிலைக் காட்டுகிறது, நாம் ஒன்றைத் தொட்டால் கதை அந்தப் பக்கம் போகிறது. விட்ட இடத்தைச் சேமிக்க நூறு கட்டம் கொடுத்திருக்கிறார்கள், நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் மேலேயே திரும்பத் திரும்பச் சேமித்தேன், மீதித் தொண்ணூற்றொன்பதும் நீ ஊருக்கு வரும்போது உனக்கு இருக்கட்டும் என்று.

முதல் கதையில் ஒரு துறைமுக ஊர், புதிதாக வந்த பள்ளிக்கூடப் பையனாக நான். கலங்கரை விளக்கு வீட்டுப் பெண்ணின் அம்மா, உள்ளே வந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போ என்கிறாள். வருகிறேன் என்று ஒரு பதில், இருக்கட்டும் பரவாயில்லை என்று ஒரு பதில். முதல் தடவை கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றுகிறவர்கள் உண்டா, நான் பரவாயில்லை என்பதைத் தொட்டேன். அவள் இன்னொரு தடவை கூப்பிடுவாள், அதற்கும் மறுத்துவிட்டு மூன்றாவதற்குச் சரி சொல்லலாம் என்று பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். திருவிழாவுக்கு அந்தப் பெண் குடையில் இடம் தந்தாள், பரவாயில்லை என்றேன். ஊரை விட்டுப் போகிற அன்று ரயிலடிக்கு வருவாயா என்று கேட்டாள், உனக்கு எதற்குத் தொந்தரவு என்றேன். கடைசியில் மழை, கறுப்புத் திரை, முடிவு என்று ஒரு சொல். நானும் முடிந்தது என்று பட்டியலில் குறித்துக்கொண்டு அடுத்ததை எடுத்தேன். அடுத்ததிலும் மழை, அதற்கடுத்ததில் பனி. இப்படி ஏழு கதை. ஒரு பெண் பனியில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தே விட்டாள், ஏழு நாள் அவளுக்கும் ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறு வைத்துத் திருநாமம் சொன்னேன். அப்பா எட்டிப் பார்த்து, "ஏம்மா, தொலைக்காட்சிப் பொம்மைக்கா படையல், அது பழைய சோறு போதும்னு சொல்லுமா, சுடச்சுட வேணுமா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு துக்கக் கதைகளை என் மகள் சின்ன வயதில் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறாளே, அதனால்தான் மனசு வெறுத்து அவ்வளவு தூரம் போய்விட்டாளோ என்றெல்லாம் நினைத்தேன். வசந்தத்தில் உன்னிடம், நீ அங்கே சந்தோஷமாகத்தானே இருக்கிறாய் என்று மூன்று தடவை கேட்டு நீ எரிந்து விழுந்தாயே, அது இதனால்தான்.

எட்டாவது ஒரு மலை விடுதிக் கொலைக் கதை. அதில் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தால்தான் சாவி கிடைக்கும், நான் திறக்கவில்லை, அடுத்தவர் வீட்டு இழுப்பறை. பதினேழு நாள் தாழ்வாரத்திலேயே நின்றேன். அப்பா பொறுமை இழந்து, "வீட்டுக்காரங்க அனுமதி வேணும்னா யாரக் கேப்ப, செத்துக் கெடக்கிறவனையா" என்று சொல்லி என் கையிலிருந்து பிடுங்கி இழுப்பறையைத் திறந்தார். சாவி இருந்தது. அதிலிருந்து அவருக்கு ருசி வந்துவிட்டது. ஒருநாள் நான் டீ போட உள்ளே போயிருந்த நேரத்தில், கலங்கரை விளக்குக் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, டீ குடிக்கிறாயா என்றால் ஆமாம், குடைக்குள் வருகிறாயா என்றால் ஆமாம், ரயிலடிக்கு வருவாயா என்றால் ஆமாம் என்று வெட்கமே இல்லாமல் தொட்டுக்கொண்டே போயிருக்கிறார். மூன்று நாளில் அந்தப் பெண் ரயிலிலிருந்து இறங்கிவிட்டாள். கடற்கரையில் கல்யாணம், பாட்டு, எழுதியவர்கள் பெயரெல்லாம் வரிசையாக ஓடுகிறது. நான் தட்டோடு நின்று பார்த்தேன். அப்புறம் கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்தால், ஒவ்வொரு கதைக்கும் பல முடிவு உண்டாம், மழையோடு கறுப்புத் திரை வருவது ஆட்டக்காரர் தவறவிட்ட முடிவாம். ஏழு கதைகளின் குறியையும் அழித்தேன். அந்தப் பெண்கள் யாரும் துரதிர்ஷ்டசாலிகள் இல்லை மாயுகோ, எல்லாம் நான் செய்த வேலை.

கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா. நோட்டில் கோடு போட்டு, யார் கேட்டார்கள், என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், பிறகு என்ன ஆனது என்று நான்கு பத்தி எழுதினேன். எனக்கு ஒன்றைத் தருகிறேன் என்று கதைகளுக்குள் கேட்டவர்கள் அறுபத்தொரு பேர். ஐம்பத்தெட்டுப் பேரிடம் வேண்டாம் என்றிருக்கிறேன். மீதி மூன்றும் கை தவறிப் பட்டது. அந்த ஐம்பத்தெட்டில் ஒருவர்கூட இரண்டாம் தடவை கேட்கவில்லை. கடைசிப் பத்தியை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தபோது மாப்பிள்ளை கையில் வைத்திருந்த காகிதம் கண் முன்னால் வந்து நின்றது. அவர் மறுபடி கேட்பார் என்று ஜூன் முழுக்கப் போன் பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டிருந்தேன், உனக்குத் தெரியாது. அவர்கள் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் போலிருக்கிறது, நீயும் எட்டு வருடத்தில் அப்படி ஆகிவிட்டாய். உங்கள் பேரில் குறை இல்லை. நம் மார்க்கத்தில் புத்தரிடமே இதைக் கொடு அதைக் கொடு என்று கேட்பது கிடையாது, நன்றி மட்டும்தான், அப்படி இருக்க மனிதர்களிடம் கேட்க எனக்கு எங்கிருந்து பழக்கம் வரும்.

பழகிப் பார்க்கலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை கோயில் மகளிர் கூட்டத்தில் முயன்றேன். சாப்பாடு முடிந்து, தட்டில் பூசணிக்காயின் கடைசித் துண்டு எப்போதும்போல யாரும் தொடாமல் கிடந்தது. ஷிமானோ அக்கா, "ஹிசாயோ, நீ எடுத்துக்கயேன்" என்றார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு "சரிக்கா, குடுங்க" என்றேன். பதினோரு பேரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் சாப்பாட்டுக் குச்சி தட்டுக்கும் எனக்கும் நடுவில் நின்றுவிட்டது. ஒருத்தி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் அந்தத் துண்டைத் தின்றேன், நன்றாக இருந்தது. பாத்திரம் கழுவும்போது அக்கா பக்கத்தில் வந்து, "நீ வேண்டாம்னு சொல்லுவ, ரெண்டு சுத்து சுத்தி என்கிட்டயே வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன்டி, நாப்பது வருஷமா அப்படித்தானே நடந்துக்கிட்டு இருக்கு" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இதனால் எனக்கு வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. ஷிமானோ அக்கா கேட்டதுபோல, மாப்பிள்ளை கேட்டதும் வெறும் மரியாதைக்குத்தானோ, நான் சரி என்று சொல்லியிருந்தால் அவர் முகமும் அப்படித்தான் போயிருக்குமோ. ராத்திரி முழுக்க இதையே நினைத்து, மறுநாள் அப்பாவிடம் கேட்டேன். அப்பா செய்தித்தாளை மடக்கி வைத்துவிட்டு, "அந்தப் பயலுக்கு அந்த நாசூக்கெல்லாம் ஏது? கல்யாணத்துக்கு முன்னாடி நம்ம வீட்டுக்கு வந்தானே, இன்னொரு கிண்ணம் சோறு வைக்கட்டுமான்னு நீ மரியாதைக்குக் கேட்ட, வைங்கன்னான். மூணாவது கேட்ட, அதுக்கும் வைங்கன்னான். நாலாவது அவனே கிண்ணத்த நீட்டினான். நீயும் நானும் அன்னைக்கு நூடுல்ஸ் தின்னோம். அவன் வான்னா வான்னுதான் அர்த்தம்" என்றார். எனக்கும் அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது, அன்று பானையில் ஒரு பருக்கை இல்லை. அப்பா சொன்னது நியாயமாகவே பட்டது.

ஆகையால் நீங்கள் மறுபடி கேட்க வேண்டாம், நானே கேட்கிறேன். பிரசவத்துக்கு நான் வரட்டுமா. நவம்பர் பத்தாம் தேதிக்குள் வந்து, குழந்தைக்கு நாற்பது நாள் ஆகும் வரைக்கும் இருக்க ஆசை. கடவுச்சீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டேன், படத்தில் சிரிக்கக் கூடாது என்றார்கள், அதனால் முகம் கொஞ்சம் கடுகடுவென்று இருக்கும். சோல்வி அம்மா நல்லவர், எனக்கு அவர் பின்னி அனுப்பிய சட்டை இரண்டு பேருக்குக் காணும் என்றாலும் குளிருக்கு அதைத்தான் போடுகிறேன், அவரும் வரட்டும். நான் கூடத்தில் ஒரு மூலையில் படுத்துக்கொள்கிறேன் என்று இந்த இடத்தில் எழுதினேன், அது பழைய பழக்கம், அடித்துவிட்டேன். மாடி அறை எனக்கு வேண்டும். இதை எழுதும்போது காது சுடுகிறது. முடியாது என்றால் முடியாது என்று ஒரு வரி எழுது, நான் அதை முடியாது என்றே படித்துக்கொள்வேன், அழ மாட்டேன், அழுதாலும் எழுத மாட்டேன். முடியும் என்றால் அதையும் ஒரே வரியில் எழுது. விரைவுத் தபாலில் போடுகிறேன், மாதக் கடைசிக்கு முன்னால் கிடைத்துவிடும். விளையாட்டுகளில் இன்னும் முப்பது பாக்கி, அவற்றை வந்து பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள், சூடாகச் சாப்பிடு, இடது பக்கமாகப் படு. அமிதா புத்தரின் ஒளி உன் மேலும், உன் வீட்டுக்காரர் மேலும், பிறக்கப் போகிற சின்ன உயிர் மேலும் எந்நாளும் படட்டும்.

முக்கியமான ஒன்று. அப்பாவையும் வரச்சொல்லிக் கேட்டேன். "நான் எதுக்கு, அவங்களுக்குத் தொந்தரவு" என்றார். சொல்லிவிட்டு அலமாரியில் உலகப் படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். நீ எழுதும்போது அவரை இன்னும் இரண்டு தடவை கேள்.

உன் அம்மா,
ஹிசாயோ