ரப்பர்ப் புருஷன்

3 பிப்ரவரி 1934, சனி. ரெங்கம் ரப்பர்த் தோட்டம்.

இன்று கோயில் திடலில் மறுபடியும் அதே படம். ஆறு வருஷமாகத் தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிற பழைய ஊமைப்படம். புருஷன் மனைவியை மிதிப்பான். அவள் அந்தக் காலையே முந்தானையால் துடைத்துவிடுவாள். ஓரத்தில் நின்று கதை சொல்கிறவர் தகரக் குழாய்க்குள் அழுதார். திடலே அழுதது. மூக்கைச் சிந்தாதவள் நான் ஒருத்திதான். நடிகையின் கன்னத்தில் வழிந்தது எண்ணெய். கண்ணீர் அவ்வளவு மெதுவாக இறங்காது. இதைக்கூடவா பார்க்கமாட்டார்கள்?

5 பிப்ரவரி

பேச்சியக்கா போய்விட்டாள். புருஷன் வேலு அடித்ததில் கை வீங்கி, ஒரு மாதமாக எங்கள் அடுப்படியில் படுத்துக்கொண்டு அங்கிருந்தே பால் வெட்டப் போய்வந்தவள். இன்று பாயைச் சுருட்டிக்கொண்டு அவனிடமே போய்விட்டாள். "அந்தப் படத்துல அந்தம்மா எம்புட்டுப் பட்டுச்சு! நான் என்னத்தப் பட்டுட்டேன்?" என்று அம்மாவிடம் சொன்னாளாம்.

எண்ணெயைப் பார்த்து! அடச்சீ.

11 பிப்ரவரி, ஞாயிறு

படத்தைப் படத்தால்தான் அடிக்க வேண்டும்.

செட்டியார் கடை உலகப்பண்ணன் சினிமா எடுக்கிற சின்னப் பெட்டி ஒன்றைச் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்திருக்கிறார். இதுவரை எடுத்தவை: தன் கார், ஒரு சுருள், அதே கார், மறுபக்கத்திலிருந்து, ஒரு சுருள். நான் யோசனையைச் சொன்னேன். பொம்மையை இம்மி நகர்த்த வேண்டும், பெட்டியின் பிடியைக் கொஞ்சம் சுற்ற வேண்டும், மறுபடி நகர்த்த வேண்டும். ஓட்டினால் பொம்மை தானே நடக்கும்.

"ஒரே ஒரு சுருள்தான் இருக்கு தனம், வெளையாடாதே."

"காரை மூணாவது பக்கத்துலேருந்து எடுக்கப் போறீங்களாண்ணே?"

சுருள் கிடைத்தது.

18 பிப்ரவரி

மனைவிக்குக் கம்பியும் துணியும். புருஷனுக்குத் தொப்பை வேண்டுமே! களிமண் அச்சில் ரப்பர்ப் பால் ஊற்றி உறைய வைத்தேன். நாற்றம் பொறுக்காமல் அம்மா வீட்டுக்குள் விடவில்லை. அவனுக்குப் பொருத்தமான நாற்றம்தான்.

25 பிப்ரவரி

பாழ்.

செட்டியார் கடைக் கொல்லையில், உச்சி வெயிலில் எடுத்தோம். மிதிக்க வந்தவனை மனைவி உதைத்துத் தள்ளுவதாகக் கதை. நான் நகர்த்தாமலே அவன் நகர்ந்தான். முதலில் மீசை இறங்கியது. பிறகு கழுத்து. தூக்கிய கால் தொங்கியது. கடைசியில் முழங்கால் மடிந்து, தொப்பை வழிய, அவள் காலடியில் கிடந்தான். மீதமிருந்த துண்டுச் சுருளில் அவளை அவனைத் தாண்டி நடக்கவிட்டேன்.

உறைந்த பாலைப் புகை போடாமல் வெயிலில் வைத்தால் இளகும் என்று தோட்டத்துக் குழந்தைக்கும் தெரியும். கணக்கெழுதும் கிராணியின் மகள் எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு படிப்பு.

13 ஏப்ரல், வருஷப்பிறப்பு

சிங்கப்பூரில் கழுவிய சுருள் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து ஜன்னல்களைச் சாத்திச் சுவரில் ஓட்டினோம். பாழில்லை! அவன் உருக உருகக் கூரை அதிர்ந்தது. கங்காணி ஐயாசாமி பெஞ்சிலிருந்து விழுந்தார்.

"அலமாக்! இன்னொரு வாட்டி சுத்துங்க செட்டியாரே!"

மூன்று தடவை ஓட்டினார். "டேய் வேலு, தொப்பையப் புடிச்சுக்கடா, ஒழுகுது!" என்று யாரோ கத்த, வேலு எழுந்து போனான். ஜெயித்துவிட்டேன்!

பேச்சியக்கா மட்டும் சிரிக்கவில்லை. இதுகூடவா விளங்காது?

15 ஏப்ரல்

பேச்சியக்காவைக் குழாயடியில் பார்த்தேன். உதடு கிழிந்திருந்தது. வேலுவைப் பார்த்து ஊர் சிரித்ததற்கு.

"படம் நல்லாத்தான் இருந்துச்சு பாப்பா. கடைசில அவனத் தாண்டி நடந்து போறாளே, எங்க போறா?"

"போறா, அவ்வளவுதான். படம் முடிஞ்சிருச்சு."

"அன்னிக்கி எங்க படுத்தா? ஒங்க அடுப்படியிலயா? ஒரு மாசம் படுத்தேனே. ஒங்கம்மா மொகம் மாறிப்போச்சு. சும்மா கெளம்ப முடியுமா? அந்தப் படத்தச் சாக்கு சொன்னேன்."

நான் குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டேன்.

நடிகையின் கன்னத்து எண்ணெயைக் கண்டுபிடித்தவளாம் நான். அம்மாவின் முகம் தினம் எதிரிலேயே இருந்தது. வெட்கங்கெட்டவள். அந்த உதடு, என் படத்துக்குக் கிடைத்த பரிசு.

16 ஏப்ரல்

தொழிலாளர் லயத்தில் ஏழாம் நம்பர் வீடு காலியாக இருக்கிறது. பேச்சியக்காவுக்குத் தரச் சொல்லி அப்பாவிடம் கேட்டேன்.

"பொம்பள பேர்ல லயத்து வீடா? தொர சிரிப்பாரு லா."

"சிரிக்கட்டும்பா. வெட்டுறது அவ. நிறுத்துக் குடுக்கறது அவ. வீடு மட்டும் வேலு பேர்லயா?"

அப்பா செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். அகராதியை வைத்து இங்கிலீஷில் மனு எழுதினேன். முதல் மூன்றும் என் படிப்பைக் காட்டின; கிழித்தேன். நாலாவதில் பேச்சியக்கா இருக்கிறாள். அப்பாவின் மேஜையில் வைத்திருக்கிறேன்.

22 ஏப்ரல்

மனு மேஜையில் இல்லை.

29 ஏப்ரல், ஞாயிறு

துரை சிரித்தாராம். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போட்டாராம். பால் வெட்ட ஆள் பற்றாத நேரம், நல்ல வெட்டுக்காரியை விட மனமில்லை.

காலையில் பாயை நான் தூக்கிக்கொண்டேன். ஏழாம் நம்பர் வாசலில் பேச்சியக்கா என்னை நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ் விழுந்தது. எடுத்தாள், மறுபடி போட்டாள்.

"கேக்குதா பாப்பா?"

"கேக்குதுக்கா."

மூன்றாவது தடவையும் போட்டாள். நான் பாயோடு வெளியே நின்றிருந்தேன்.