பத்துக்கு மூன்று எடுத்தது நான்

நேற்று நீ சொன்னது எனக்குச் சரியாக நினைவிருக்கிறதா என்று சந்தேகமாக இருக்கிறது. என் காதில் விழுந்தது இது: "அந்த வாத்தியார் பேசினா கல்லுகூட கதை சொல்லுது. நீங்க கல்லாட்டம் உக்காந்திருக்கீங்க."

கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். குழாய் சரிசெய்ய ஆள் ஐந்து மணிக்கு வருவார்.

இன்று நீ பாடம் நடத்தப் பள்ளிக்குப் போனதும் உன் கணினியைத் திறந்தேன். தினமும் காதில் மாட்டிக்கொண்டு நீ சிரிக்கிற அந்த ஆன்லைன் நிலவியல் வகுப்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்தேன். நிலநடுக்க அலைகளைப் பற்றிய பாடம். மனுஷன் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை. என்னால் முடியாதா என்று பாடத்தின் முடிவில் இருந்த தேர்வை எழுதினேன். பத்துக்கு மூன்று. உன் பெயரில் ஏறிவிட்டது. ஒருமுறைதான் எழுதலாம், தேறினால்தான் சான்றிதழ் என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

உடனே அந்த வாத்தியார் செய்தி அனுப்பிக் கேட்டார்: "என்னம்மா ஆச்சு, உடம்பு சரியில்லையா?" அதை நான்கு முறை படித்தேன். என்ன அக்கறை! பிறகு, எழுதியது நான், அவள் கணவன் என்று பதில் போட்டேன்.

பி.கு.: கோபம் வந்தால் திட்டு. சும்மா மட்டும் இருந்துவிடாதே.

இன்னொன்று: இப்போதுதான் பதில் வந்தது. "விடுங்க சார், அந்த மார்க்கை ரத்து பண்ணிட்டேன். அவங்க மறுபடி எழுதட்டும்." நல்ல மனிதர். அதுவும் பிடிக்கவில்லை.

சின்னவள் நீச்சல் வகுப்பில் இருக்கிறாள். உன் தேர்வு வெள்ளிக்கிழமை வரை திறந்திருக்கிறது. நான் நூலகத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன், வயிற்றெரிச்சலோடுதான்.