எலி பிடிக்கறவன் வீட்டு விருந்தாளி

என் வீட்டுக்காரிக்கு,

எப்படிம்மா இருக்க? அங்க குளிர் விட்டுச்சா? நீ பாத்துக்கற பெரியம்மா இப்பவாவது ஒழுங்கா மாத்திரை போடறாங்களா, இல்ல இன்னும் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வைக்கறாங்களா? போன்ல கேக்கலாம்னா, நீயும் உன் மகளும் பேசி முடிக்கறதுக்குள்ள பேட்டரி செத்துடுது. அதான் எழுதறேன். எழுத்து கோணலா இருக்கும், சிரிக்காத.

நீ போய் அஞ்சு மாசம் ஆச்சு. உன் மக என்கிட்ட ஒரு நாளைக்குப் பேசறது ரெண்டே வார்த்தை, ம், வேணாம். நான்தான் உன்னை வேலைக்கு அனுப்பி வச்சேன்னு அவளுக்குக் கோவம். அப்பான்னு கூப்பிடறதே இல்ல.

உன் மக கேட்டு நீ சரின்னு சொன்ன ஹாம்ஸ்டர், அதான் அந்த வளப்பு எலி, வந்து சேந்துடுச்சு. குள்ள ஜாதி. என் கட்டைவிரலைவிட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். குடோன்ல இருபது வருசமா எலி பிடிக்கறவன் வீட்ல இப்படி ஒரு விருந்தாளி! நம்ம லாரி டிரைவர் கேட்டுட்டு, போலீஸ்காரன் வீட்ல திருடனுக்குப் பாய் விரிச்சுட்டியான்னார். அவர் புதுசா பல்லு கட்டியிருக்கார், அதக் காட்டறதுக்காகவே எதுக்கெடுத்தாலும் சிரிக்கறார். துக்க வீட்லகூட சிரிச்சு வாங்கிக் கட்டிக்கிட்டார். அத விடு. பழைய பறவைக் கூண்டு ஒண்ணு குடுத்தது அவர்தான்.

ரெண்டு கன்னத்துலயும் தீனிய அடச்சுக்கிட்டு, எங்க லோடுமேன் மாதிரியே அசைஞ்சு அசைஞ்சு போகுது. அதனால உன் மக அதுக்கு மூட்டைன்னு பேர் வச்சா. புது இடம், பயப்படும், மூணு நாளைக்கு யாரும் தொடக்கூடாது, சத்தம் போடக்கூடாதுன்னு சட்டம் வேற. நான் என் வீட்லயே பூனை மாதிரி நடந்தேன். அவ மட்டும் கூண்டுகிட்ட உக்காந்து ரகசியம் பேசுவா. அம்மா என்ன சொன்னாங்க, பள்ளிக்கூடத்துல யாரோட சண்டை, எல்லாம். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுக்குவேன். என் மக சேதி எனக்கு மூட்டை மூலமாத்தான் வருது, பாத்துக்க.

கூண்டுக் கம்பிக்கு நடுவுல விரல விட்டுப் பாத்து, எந்த எலியும் இதுல நுழையாதுன்னு பெருமையாச் சொல்லியிருந்தேன். குடோன் எலிய வச்சு அளந்தா மூட்டை நிக்குமா? ஞாயித்துக்கிழமை காலைல கூண்டு காலி.

அவ கூண்டப் பாக்கல, என்னைப் பாத்தா. அப்பத்தான் எனக்குப் பொறி ஞாபகம் வந்துச்சு. வேலை முடிஞ்சு வந்ததும் மூணு இடத்துல பொறி வைக்கறது என் பழக்கம், உனக்குத் தெரியும். கை அதுபாட்டுக்கு செஞ்சுடுது. முந்தின சாயங்காலமும் வச்சிருக்கேன்!

அடுப்புக்குப் பின்னாடி வச்சது அப்படியே இருந்துச்சு. கதவோரம் வச்சதும் அப்படியே. அலமாரிக்கு அடியில வச்சது மட்டும் அடிச்சுக் கிடந்துச்சு. வெளிய போம்மான்னேன். போகல. குப்புறப் படுத்து இழுத்தேன்.

பொறில மாட்டியிருந்தது கொஞ்சம் பச்சைக் கம்பளி நூல்.

அது எங்கேருந்து வந்துச்சுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அலமாரில கீழ்த்தட்டு, உன் ஸ்வெட்டர். துவைக்கக்கூடாது, தொடக்கூடாதுன்னு அவ காவல் காக்கறாளே, அதேதான். அந்த ஸ்வெட்டரோட ஒரு கைக்குள்ள எட்டிப் பாத்தா, நூலப் பிச்சு மெத்தை போட்டு மூட்டை தூங்குது. அது இழுத்துட்டு ஓடின நூலு மட்டும் பொறில சிக்கியிருக்கு.

என் முதுகுல நாலு அடி போட்டா. அப்புறம் அதே முதுகுல சாஞ்சு அழுதா. துவைச்சா அம்மா வாசனை போயிடும்னு அப்பத்தான் சொன்னா.

மறுநாளே பொறியெல்லாம் குடோனுக்குப் போயிடுச்சு. மூட்டைக்குக் கண்ணாடித் தொட்டியும், அது ஏறி ஓடறதுக்கு ஒரு சின்னச் சக்கரமும் வாங்கிட்டேன். அந்த ஸ்வெட்டர் கைய அவளே வெட்டி உள்ள வச்சா. கோச்சுக்காத, உன் ஸ்வெட்டருக்கு இப்ப ஒரு கைதான்.

நல்லா இரு. நேரத்துக்குச் சாப்பிடு. லீவு எப்பன்னு நான் கேக்க மாட்டேன், நீயே சொல்லு. இன்னொண்ணு, போன்ல சொல்ல வராது. மிச்சம் இருக்கற அந்தக் கைய, அவ பள்ளிக்கூடம் போனப்புறம் நானும் எடுத்து முகத்துல...

இரு, கூப்பிடறா. மூட்டை சக்கரத்துல ஏறிடுச்சாம், ஓடி வான்னு கத்தறா. அப்பான்னு கூப்பிடறாம்மா! பாத்துட்டு வந்து எழுதறேன், நீ மட்டும் சீக்கிரமா...